வடக்கே சூலம்

பெல்ட் கட்டாமல் வந்தாயிற்று. ஷூவுக்குப் பதில் சட்டென்று கழற்றி மாட்டுகிற செருப்பு, சட்டைப் பையில் ஒரு பேனாகூட இல்லை, போர்டிங் பாஸ் போனில் ஒன்று காகிதத்தில் ஒன்று, ஆதார் அட்டை கை போட்டவுடன் வருகிற இடத்தில். இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு, விமான நிலைய வாசலில், துப்பாக்கி மாட்டிய காவலர் நீட்டிய கையோடு நிற்க, பின்னால் ஒரு ஊரே திரண்டு நிற்க, நாச்சிமுத்து தன் மனைவி வசந்தாமணி ஆதார் அட்டையைத் தேடி எடுப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். தோள்பைக்குள் ஒரு சுருக்குப் பை, அதற்குள் பர்ஸ், பர்ஸுக்குள் ரப்பர் பேண்டு போட்ட பாலிதீன் உறை, உறைக்குள் ரேஷன் கார்டு, காஸ் புத்தகம், பேத்தியின் போட்டோ, எல்லாம் வந்தது, வர வேண்டியது மட்டும் வரவில்லை. கார் ஏறும்போதே கையில் எடுத்து வைத்துக்கொள் என்று சொன்னார். எடுத்து வைத்துக்கொண்டேன் என்றுதான் அவளும் சொன்னாள். பம்ப் கம்பெனியில் விற்பனை மேலாளராக இருந்த காலத்தில் வாரம் தவறாமல் பறந்தவர் அவர். ஆபீஸ் பையன்கள் முதல் தடவை விமானம் ஏறுவதற்கு முன் அவர் மேஜைக்கு வந்து யோசனை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். குடும்பத்தோடு வருகிறவன் பின்னால் நிற்காதே, லேப்டாப் பையோடு தனியாக நிற்கிறவன் பின்னால் நில், அவனுக்கும் உன்னைப் போல அவசரம். எல்லோருக்கும் கால் தன்னால் வலப்பக்கம் போகும், நீ இடப்பக்க வரிசைக்குப் போ. பெரிய பெட்டி எடுக்காதே, பெட்டி எடுத்தவன் அதற்கு அடிமை. முக்கியமாக, மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி வைத்துக்கொள்ளாதே, அதைவிட மானக்கேடு கிடையாது. இத்தனை வருஷத்தில் நாச்சிமுத்து என்ற பெயரை எந்த ஊர் விமான நிலையத்து மைக்கும் உச்சரித்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் இன்றைக்கு ஆதார் அட்டைக்காக ஒரு சுருக்குப் பையின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கடைசியில் அட்டை ரவிக்கைக்குள் இருந்த கைக்குட்டை முடிச்சிலிருந்து வந்தது. பத்திரமா இருக்கட்டும்னு இங்க வெச்சேனுங்க, மறந்துட்டேன் என்றாள். காவலர் சிரித்தார். நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே போனால் அங்கே காசி யாத்திரை. மஞ்சள் பையும் மஞ்சள் தொப்பியுமாக ஒரு டூரிஸ்ட் கூட்டம் செக்யூரிட்டி வரிசையை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு பைக்கு வெளியிலும் ஒரு தண்ணீர் பாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. இந்த ஒவ்வொரு பாட்டிலையும் எடுக்கச் சொல்ல வேண்டும், எடுக்க மாட்டார்கள், ஏன் என்று கேட்பார்கள், குடித்துவிட்டுத் தருகிறேன் என்பார்கள், குடிப்பார்கள். இடப்பக்க வரிசைக்குப் போகலாம் என்றால் இடப்பக்கத்தில் வரிசையே இல்லை, கயிறு கட்டி மூடிவிட்டார்கள். ஹைதராபாத் விமானம் பிடித்தாக வேண்டும். பிடித்தால் மதியத்துக்குள் ஆஸ்பத்திரி. அந்த டாக்டர் புது நோயாளிகளைச் செவ்வாய்க்கிழமைதான் பார்ப்பார், இந்தச் செவ்வாயை விட்டால் அவர் வெளிநாடு போய்விட்டு அடுத்த மாதக் கடைசியில்தான் திரும்புவார், அதுவரை வசந்தாமணியின் உடம்பில் இருக்கும் அந்தக் கட்டி பொறுமையாக உட்கார்ந்திருக்கும் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள். அங்கேயே இருக்கும் மகள் தாரணி யார் யாரையோ பிடித்து வாங்கின நேரம் அது. அவளும் அங்கே விமான நிலைய வாசலில் காருடன் நிற்பாள், பாவம், லீவு போட்டுவிட்டு. செவ்வாய்க்கிழமை என்று தெரிந்தவுடன் வீட்டில் என்ன நடந்தது? சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் செவ்வாய்க்கு வடக்கே சூலம், பரிகாரம் பால் என்று போட்டிருந்தது. ஹைதராபாத் எந்தத் திசையில் இருக்குதுங்க மாமா என்று வசந்தாமணி கேட்டாள். வடக்குத்தான் என்று சொல்லித் தொலைத்தார். தெற்கு என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அவள் போய் உலக உருண்டையில் பார்க்கவா போகிறாள். சூலத்துக்கு எதிரே பயணம் புறப்படக் கூடாது. ஆனால் நல்ல நேரத்தில் பயணப் பையை எடுத்துப் போய் இன்னொரு வீட்டில் வைத்துவிட்டால், அப்போதே புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு, அதற்குப் பெயர் பரஸ்தானம். திங்கட்கிழமை காலையிலேயே அவருடைய கேபின் பேக்கைப் பக்கத்து வீட்டு மல்லிகா வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய் வைத்தாயிற்று. வைத்தது அவரேதான், அவள் கையால் தூக்க வேண்டாம் என்று. இன்று கிளம்புகிற வழியில் அதை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அதற்கு மேல் இன்று விடியலில் சூலத்துக்குப் பரிகாரமாகப் பால். மேஜை மேல் இரண்டு டம்ளர். சாமி கும்பிட்டுட்டு ஒரு வாய் குடிங்க மாமா என்றாள். டாக்டரைப் பார்க்கப் போறமா, பால் குடிக்கப் போறமா என்று கத்திவிட்டு, தன் டம்ளரைத் தொடாமலே காருக்குப் போனார் அவர். காரில் உட்கார்ந்து ஹாரன்கூட அடித்தார். விடிகாலையில், தெருவே தூங்கும்போது. அவள் எதையோ பூட்டினாள், பூட்டினதை இழுத்துப் பார்த்தாள், திரும்பப் போய் எதையோ அணைத்தாள். அந்த டம்ளரில் இப்போது ஆடை கட்டியிருக்கும், எறும்பு வந்திருக்கும். வந்தால் வரட்டும்.

வரிசை நகர்ந்தது. நகர்ந்தது என்று சொல்லக் கூடாது, மூச்சு விட்டது. முன்னால் நின்ற மஞ்சள் தொப்பி அம்மாள் திரும்பி, நீங்களும் காசிக்கா என்று கேட்டாள். வசந்தாமணி இல்லீங்க, பொண்ணு வூட்டுக்கு என்று சொன்னாள், எவ்வளவு இயல்பாகச் சொன்னாள். உடனே அந்த அம்மாள் பேத்தியா பேரனா என்று ஆரம்பிக்க, இவள் பேத்திங்க, பேசினா கேட்டுக்கிட்டே இருக்கலாம் என்று பதில் சொல்ல, நகர வேண்டிய ஓர் அடி நகராமல் நின்றது. நாச்சிமுத்து அவள் முதுகில் விரலால் தொட்டு முன்னே தள்ளினார். முதுகு சின்னதாகத் தெரிந்தது. இளைத்திருக்கிறாளா? ரவிக்கையின் தையல் தோளில் இறங்கியிருந்தது. அன்றைக்கும் இப்படித்தான் இயல்பாகச் சொன்னாள், அவரைக்காய் ஆய்ந்துகொண்டே. மார்போரம் கை வைத்து, இங்க ஒரு நெல்லிக்காயாட்டம் தட்டுப்படுதுங்க மாமா என்றாள், உடனே அடுத்த மூச்சில் இன்னைக்குக் குழாயில் தண்ணி விடுவாங்களா என்று கேட்டாள். தண்ணீர் பற்றிய கேள்விக்குத்தான் அவர் பதில் சொன்னார். பிறகு எழுந்து கார் சாவியை எடுத்தார். அன்றிலிருந்து ஓட்டம்தான். எந்த ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைவு, எந்த லேப்பில் ரிசல்ட் சீக்கிரம் தருவான், ஸ்கேனுக்கு எந்த வாசல் வழியாகப் போனால் படி ஏற வேண்டாம், எல்லாம் அவருக்கு அத்துப்படியாகிவிட்டது. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள், அதுதான் என்று வந்தது. மொத்தமாக எடுத்துவிடலாம் என்று உள்ளூர் டாக்டர் சொன்னார். மருந்து கொடுத்துச் சுருக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு எடுக்கலாம் என்பார்கள் ஹைதராபாத்தில், ஒரு தடவை காட்டிவிடுங்கள் அப்பா என்று தாரணி சொன்னாள். உடனே டிக்கெட் போட்டார். டிக்கெட் போடத் தெரியும் அவருக்கு. ராத்திரி அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை, அதனால் அந்த நேரத்தில் ஜன்னலோர இருக்கையா நடைபாதை இருக்கையா என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஜன்னல். அவள் ஜன்னல் வழியாக எதையும் பார்க்க மாட்டாள், கண்ணை மூடிக் கந்தனைக் கூப்பிடுவாள். இருந்தாலும் ஜன்னல்தான் போட்டார். ஒரு பாட்டில் குப்பைத் தொட்டியில் விழுந்தது, இன்னொன்று விழுந்தது, மூன்றாவது பாட்டிலின் சொந்தக்காரர் அதில் கங்கைக்குக் கொண்டுபோகிற நொய்யல் தண்ணீர் இருக்கிறது என்று வாதாடத் தொடங்கினார். நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் முறை வந்தபோது உடம்பு தானாக வேலை செய்தது. டிரேயில் போன், வாட்ச், சாவி, பை படுக்கைவாட்டில், கையை விரித்து, திரும்பி, முடிந்தது. காவலர் நீ போ என்று கண்ணால் சொன்னார். அந்தப் பக்கம் போய் டிரேக்கள் வெளியே வருகிற வாயருகே நின்றார். பெண்களுக்கான திரை போட்ட கூண்டில் கருவி கீச்சென்று கத்தியது, திரும்பவும் கத்தியது. தாலிக்கொடியில் கோர்த்த ஊக்குகள்தான், வேறென்ன. பெரிசு ஒன்று, சின்னது நாலைந்து, இடுப்பில் சாவிக்கொத்து வேறு. எத்தனை கல்யாணத்தில் எத்தனை பேரின் அறுந்த ரவிக்கைக்கும் நழுவிய சேலைக்கும் அந்தக் கொடியிலிருந்து ஊக்கு போயிருக்கிறது. ஸ்கேன் எடுத்த அன்று எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். கொடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்த மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். அந்த அறைக்கு வெளியே கொடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். ஊக்குகள் இன்னும் அவள் உடம்புச் சூட்டோடு இருந்தன. பையில் போட்டுக்கொள்ளவும் தோன்றவில்லை, பிடித்துக்கொண்டே இருக்கவும் முடியவில்லை. இந்த நினைப்பு இப்போது எதற்கு வருகிறது. டிரே வரட்டும், டிரே. போன் வந்தது, வாட்ச் வந்தது, அடுத்த மனுஷனின் லேப்டாப் வந்தது. அவருடைய பை வரவில்லை. பிறகு வந்தது, ஆனால் இந்தப் பக்கம் வராமல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த தனிப் பாதையில் திரும்பிப் போய் ஓரமாக நின்றுகொண்டது. அவருடைய பை. எந்த ஊரிலும் ஒரு தடவைகூடத் தனிப் பாதையில் போகாத பை. இந்த பேக் யாருது என்று வடநாட்டு மூக்கோடு தமிழ் பேசிய காவல் அதிகாரி ஒருவர் கேட்டார். பேக் நீங்கதான் பேக் செஞ்சீங்களா, வேற யார் கைலயும் குடுக்கலையே என்றும் கேட்டார். நானேதான் செஞ்சேன், யார்கிட்டயும் குடுக்கலைங்க என்று நாச்சிமுத்து கணீரென்று சொன்னார். அப்போதுதான் திரைக்குள்ளிருந்து வெளியே வந்த வசந்தாமணி, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே, உள்ளது உள்ளபடி, "இல்லீங்க சார், ராத்திரி பூரா மல்லிகா வூட்லதான் இருந்துச்சு" என்றாள்.

மல்லிகா யார் என்று அதிகாரி கேட்டார். வசந்தாமணி சூலத்திலிருந்து ஆரம்பித்தாள். நாச்சிமுத்துவுக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது. நாலெழுத்துப் படித்து நாலு மாநிலம் சுற்றிய மனுஷன், ஒரு பையைத் தன் கையாலேயே கொண்டுபோய் ஊரார் வீட்டில் படுக்கப்போட்டுவிட்டு, வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை என்று சாதிக்கிறான் என்றால் அந்த அதிகாரி என்னதான் நினைப்பார். பையைத் திறந்தார்கள். எல்லாம் மேஜைக்கு வந்தது, அவருடைய இரண்டு சட்டை, அவளுடைய பருத்திச் சேலைகள், முன்பக்கம் பட்டன் வைத்த புது நைட்டி, தாரணிக்குப் பருப்புப் பொடி. அடியில் கிடந்த ஆஸ்பத்திரி பைலை எடுத்து உதறியபோது அதிலிருந்து அகலமான கறுப்பு பிலிம் நழுவியது. அதற்குப் பின்னால் எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க அதிகாரி அதைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். இத்தனை நாளாக அந்த பைலைக் கையிலேயே சுமந்தவர் நாச்சிமுத்து. ஒரு தடவைகூட அந்த பிலிமை வெளியே எடுத்ததில்லை. டாக்டர்கள் வெளிச்சப் பலகையில் மாட்டியபோதெல்லாம் அவர் டாக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், அல்லது சுவர்க் கடிகாரத்தை. இப்போது காசிக் கூட்டத்தின் நடுவே, தண்ணீர் பாட்டில் சண்டைக்கு நடுவே, பார்த்துவிட்டார். மங்கலான சாம்பல் நிறத்தில் அவருக்குத் தெரிந்த அந்த வடிவம், அதற்குள் ஓரமாக, ஒழுங்கில்லாத ஒரு வெள்ளைப் பொட்டு. அதைச் சுற்றிலும் மெல்லிசாகக் கோடுகள் ஓடின. இதுவா? இவ்வளவு சின்னதா? இதற்கா இத்தனை ஓட்டம்? சின்னதாக இருப்பது நல்லதா கெட்டதா என்றுகூட யாரிடமும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே. அதிகாரி பிலிமைப் பார்த்தார், வசந்தாமணியைப் பார்த்தார், பிறகு அதை உறைக்குள் இரண்டு கையாலும் போட்டார். மிஷின் காட்டிக்கொடுத்த பொருள் பையின் ஓர மூலையில் இருந்தது, துண்டில் சுற்றி, மஞ்சள் தடவி, குடுமியோடு ஒரு முழுத் தேங்காய். இது அலவ்ட் இல்லை என்றார் அதிகாரி. இது எப்படி வந்துச்சு என்று நாச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். மல்லிகா வெச்சிருப்பா மாமா, வூட்டுக்கு வந்த பையை வெறும் பையா திருப்பிக் குடுப்பாளா என்றாள் அவள். அது வெறும் பையா? இத்தனை துணியும் பொடியும் அடைத்த பை வெறும் பையா? கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது. அவர் தேங்காயைப் பிடுங்கித் தொட்டியில் எறியப் போனார். வசந்தாமணி அவர் கையைப் பிடித்து வாங்கிக்கொண்டாள். லைட்டர், கத்தரி, ஊறுகாய் பாட்டில் எல்லாம் கிடந்த அந்தத் தொட்டிக்குள் குனிந்து, தேங்காயைக் குடுமி மேலே இருக்கும்படி நிமிர்த்தி வைத்தாள். "நல்லபடியா திரும்பி வந்தா பிள்ளையாருக்கு ஒடைக்கறதுக்கு வேண்டி வெச்சிருப்பா. பரவால்லீங்க. வேற காய் வாங்கி ஒடைச்சுக்கலாம். திரும்பி வரோணும், அதுதானுங்க முக்கியம்" என்றாள்.

திரும்பி வரோணும். போர்டிங் கேட்டுக்கு நடக்கும்போது அந்தச் சொல் காலில் சிக்கிக்கொண்டே வந்தது. போவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும், திரும்பி வர டிக்கெட்கூடப் போட்டாயிற்று, வியாழக்கிழமை, இரண்டு பேருக்கும். இரண்டு பேருக்கும்தான். இது டாக்டர் பார்க்கிற பயணம், ஆபரேஷன்கூட இல்லை. ஆனால் அங்கே போய் உட்கார்ந்த பிறகு அந்த டாக்டர் பிலிமைப் பார்ப்பார், பார்த்துவிட்டு இவர் பக்கம் திரும்புவார், அந்த முகத்தை இவர் பார்த்தே ஆக வேண்டும். ஆஸ்பத்திரிச் சுவரில் கடிகாரம் இருக்குமோ இருக்காதோ. அப்படியும் இப்படியும் திட்டி, இழுத்து, தள்ளி, அவர் அவளை அந்த முகத்தை நோக்கித்தான் இத்தனை வேகமாகக் கூட்டிப் போகிறார். கேட்டில் நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தார்கள். அவர் பயந்தபடி தாமதம் ஒன்றும் ஆகிவிடவில்லை, வழக்கம்போல அவர் எடுத்துவைத்திருந்த கூடுதல் நேரம் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டுவிட்டது. இனித் தேட அட்டை இல்லை, பிடிக்க வரிசை இல்லை, கோபப்பட ஆளும் இல்லை. போர்டிங் ஆரம்பிக்கிறது என்று அறிவித்தார்கள். ஹைதராபாத் வழியாகக் காசி போகிற மஞ்சள் தொப்பிகள் எழுந்து முண்டியடித்தன. ஏறுகிறவர்களில் எப்போதும் முதல் ஆளாக நிற்கிற நாச்சிமுத்து எழவில்லை. பையின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரின் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு குடும்பம் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தது. கூட்டம் குறைஞ்சுதுங்க என்றாள் வசந்தாமணி. எல்லாரும் போகட்டும், சித்த இரு என்றார். அவள் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். கடைசித் தொப்பியும் உள்ளே போனது. கேட்டில் நின்ற பெண் பேப்பரைப் பார்த்தாள், சுற்றிலும் பார்த்தாள், மைக்கை எடுத்தாள். ஹைதராபாத் செல்லும் பயணி நாச்சிமுத்து, பயணி வசந்தாமணி, இது கடைசி அழைப்பு. பெயரில் பாதியை விழுங்கித்தான் சொன்னாள், ஆனால் அது அவர் பெயர்தான். கூடம் முழுக்கக் கேட்டது. மானம் போகிறதே என்று தோன்றியது, தோன்றியும் உடம்பு அசையவில்லை.

"நம்ம பேருங்க மாமா."

"எனக்குப் பயமா இருக்குது வசந்தா."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே காதில் விழுந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் சொல்லாத வார்த்தை. அவள் என்ன செய்வாள், அழுவாளா, தான்தான் முதலில் அழப் போகிறோமா. வசந்தாமணி எழுந்து, அவர் மடியிலிருந்த பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். தூக்காதே என்று சொல்ல வாயெடுத்தார். அவள் இன்னொரு கையை அவரிடம் நீட்டினாள்.

"தெரியுமுங்க. நீங்க அங்கயே வெச்சுட்டு வந்த பாலையும் நாந்தான் குடிச்சுட்டு வந்தேன். எந்திரிங்க."

மைக் மறுபடியும் அவர்கள் இருவர் பெயரையும் சொல்லிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.